கட்டெறும்பின் நாற்காலி

ஆகஸ்ட் 9

டீச்சருக்கு,

இனிமேல் போன் செய்ய வேண்டாம். உங்கள் நம்பரிலிருந்து வராதபடி செய்துவிட்டேன். எங்களுக்கு இருப்பது ஒரே அறை. நான் எந்த மூலையில் நின்று பேசினாலும் கட்டிலில் கிடக்கிறவள் காதில் விழுகிறது. போன வாரம் நான் உங்களிடம் கத்தியதையெல்லாம் கேட்டுவிட்டு, "டீச்சரைத் திட்டாதம்மா" என்று சொன்னாள். எனக்கு அதுதான் இன்னும் எரிந்தது.

சொல்ல ஏதாவது இருந்தால் எழுதுங்கள். வீட்டு விலாசத்துக்கு வேண்டாம். கம்பெனி விலாசம் உறையின் பின்பக்கம் இருக்கிறது. காலர் தைக்கும் பிரிவு என்று போட்டால் என் கைக்கு வந்துவிடும். படிப்பதா கிழிப்பதா என்பதை நான் முடிவு செய்துகொள்கிறேன்.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். வியாழக்கிழமை சாயங்காலம் வகுப்பறையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவார்கள், அவள் உட்காரும் இடத்தில் தண்ணீர் தேங்கும், அதனால் அந்த அட்டை நாற்காலியைத் தினமும் மேசைமேல் தூக்கி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்று பிள்ளைகளுக்குப் படித்துப் படித்துச் சொன்னவர் நீங்கள். என் மகள் வீட்டுக்கு வந்து எனக்கும் சேர்த்துப் பாடம் நடத்தினாள். அப்படியிருக்க நீங்களே ஏன் அதைத் தரையில் வைத்தீர்கள்? 'நான்தான் இறக்கி வைத்தேன், திரும்பத் தூக்கி வைக்க மறந்துவிட்டேன்' என்று நீங்கள் எழுதிக் கொடுத்திருப்பதாக ஹெச்.எம். சொன்னார். மறந்துவிட்டேன் என்று எவ்வளவு லேசாக எழுதிவிட்டீர்கள்.

மறுநாள் அவள் உட்கார்ந்ததும் நாற்காலி மடிந்து விழுந்ததில் தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. பிறந்ததிலிருந்தே பலமில்லாத கால் அது. கட்டிலிலிருந்து வாசல்வரை வாக்கரைப் பிடித்து நடக்க அவள் எத்தனை வருஷம் அழுதாள் என்று எனக்குத் தெரியும். கட்டுப் பிரித்த பிறகு அந்த நடை திரும்புமா என்று டாக்டரைக் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் எக்ஸ்ரேயைப் பார்த்துக்கொண்டே, "பாப்போம்மா" என்றார்.

நாற்காலியின் மெத்தைக்குத் துணி நான்தான் கொடுத்தேன். கம்பெனியில் வெட்டிப் போட்ட துணி. சூப்பர்வைசரிடம் பல்லைக் காட்டி வாங்கி வந்தேன். இப்போது மிஷினில் உட்காரும்போதெல்லாம் அதுதான் கண்ணில் நிற்கிறது.

அவளுடைய அம்மா


ஆகஸ்ட் 17

வணக்கம்.

எழுதச் சொன்னதற்கு நன்றி என்று ஆரம்பித்தேன். பிறகு அடித்துவிட்டேன். நன்றி சொல்லும் இடத்தில் நான் இல்லை.

நீங்கள் கேட்டதற்கு முதலில் பதில். ஆமாம், நான்தான் இறக்கினேன். வியாழக்கிழமை பிள்ளைகள் போன பிறகு, ஓரத்தில் காகிதம் பிரிந்திருந்த இடத்தை ஒட்டலாம் என்று தரையில் வைத்தேன். பிறகு மறந்துவிட்டேன். மறுநாள் காலையில் மேல்பக்கம் காய்ந்து நன்றாகத்தான் இருந்தது. அடி அட்டை ஊறிப்போயிருந்தது தெரியவில்லை. இதில் வேறு யாருக்கும் பங்கு இல்லை.

குப்பை அட்டையில் பிள்ளைகளைக் கொண்டு நாற்காலி செய்ய வைத்து, நடக்க முடியாத குழந்தையை அதில் உட்கார வைத்தவள் என்று என்னைப் பற்றிப் பேப்பரில் எழுதியிருக்கிறார்கள். அது எப்படி ஆரம்பித்தது என்று உங்களுக்காவது சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. சொல்வதால் என்ன ஆகும் என்று தெரியவில்லை.

மூன்றாம் வகுப்புப் பாடத்தில் வடிவமைப்பு என்று ஒரு பகுதி உண்டு. பேனா போட்டு வைக்க டப்பா செய்யச் சொல்லுவார்கள். "டிசைன்னா என்ன டீச்சர், பூ போடறதா?" என்று ஒருவன் கேட்டான். யாருக்கு வேணும், எதுக்கு வேணும் என்று முதலில் கேட்டுவிட்டு, அப்புறம் செய்வதுதான் டிசைன் என்றேன். யாருக்கு என்ன வேணும் என்று வகுப்பைக் கேட்டேன். ஆளாளுக்குக் கார், விமானம் என்றார்கள். கட்டெறும்பு கையைத் தூக்கினாள். "எனக்கு சேர் வேணும். இந்த பிளாஸ்டிக் சேர்ல என்னைத் துப்பட்டாவால கட்டிப் போட்டிருக்கீங்க. உயரமா இருக்கேன், பின்னாடி இருக்கறவனுக்கு போர்டு மறைக்குதுன்னு ஓரமாத் தள்ளிட்டீங்க. எனக்கு நடுவுல உக்காரணும்."

எனக்கு யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அவளை அந்த ஓரத்தில் உட்கார வைத்தவர்களில் நானும் ஒருத்தி.

பிள்ளைகள் அவளை நூல் வைத்து அளந்தார்கள். எங்கே வலிக்கும், எந்தப் பக்கம் சரிவாய் என்று கேட்டு வரைந்தார்கள். அவள் அவர்களை ஆட்டி வைத்துவிட்டாள். முதலில் செய்ததைப் பார்த்து, "இது சேர் இல்ல, பெட்டி" என்று திருப்பி அனுப்பினாள். இரண்டாவதில் கை வைக்கும் இடம் குறுகல் என்றாள். அட்டையை அடுக்கடுக்காக நிறுத்தி ஒட்டினால் பலம் வரும் என்று அவர்களாகவே உடைத்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள். முடித்த பிறகு வகுப்பிலுள்ள பைகளையெல்லாம் அதன்மேல் அடுக்கினோம். பிறகு வகுப்பிலேயே கனமான பையனை உட்கார வைத்தார்கள். கடைசியாக என்னை உட்காரச் சொன்னார்கள். நான் உட்கார்ந்தபோது வகுப்பு மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டது. தாங்கியது.

எவ்வளவோ வருஷமாக ஓவியம் சொல்லிக் கொடுக்கிறேன். ஆப்பிள், மலை, மலைக்கு நடுவில் சூரியன். அந்த நாற்காலியில் அவள் நடுவில் உட்கார்ந்த அன்றுதான் உருப்படியாக ஏதோ ஒன்றைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன் என்று எனக்குப் பட்டது. இதை என் பக்க நியாயமாக எழுதவில்லை. வேறு யாரிடமும் சொல்ல முடியாததால் எழுதுகிறேன்.

விசாரணை முடியும்வரை என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள், இப்போது வேறு ஊரில் தம்பி வீட்டில் இருக்கிறேன்.

டீச்சர்


ஆகஸ்ட் 28

டீச்சருக்கு,

கட்டெறும்பு என்று எழுதியிருக்கிறீர்கள். அது அவங்கப்பா வைத்த பேர். கைக்குழந்தையாக இருக்கும்போதே யார் தூக்கினாலும் கடித்து வைப்பாள், அதனால் வைத்தார். வகுப்பில் எல்லோரும் அப்படிக் கூப்பிட்டார்கள் என்பதால் அது உங்களுக்குச் சொந்தமாகிவிடாது. இனி எழுத வேண்டாம்.

அவள் கேட்டாள், அதனால் செய்தோம் என்கிறீர்கள். எட்டு வயசுப் பிள்ளை எனக்கு உட்கார நல்ல நாற்காலி வேண்டும் என்று வாயைத் திறந்து கேட்டால், அதைக் கேட்ட பெரியவர் என்ன செய்ய வேண்டும்? ஹெச்.எம். முன்னால் போய் நின்று சண்டை போட வேண்டும். வாங்கிக் கொடுக்கும்வரை விடக் கூடாது. நீங்கள் அவளை நடுவில் வைத்து மற்ற பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினீர்கள். அவள் காலை வைத்துப் பாடம் நடத்தினீர்கள். இதை நான் கோபத்தில் எழுதவில்லை. மிஷினில் உட்கார்ந்து பல நாள் யோசித்துத்தான் எழுதுகிறேன்.

அவங்கப்பா லோடு இறக்கிவிட்டு வந்திருந்தார். லாரியை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். போகும்போது என்னிடம், "நான் அப்பவே சொன்னேன், வீட்லயே இருக்கட்டும்னு. நீதான் கேக்கல" என்றார். அவ்வளவுதான். சத்தம் போட்டிருந்தால் நானும் திருப்பிச் சத்தம் போட்டிருப்பேன். அவளை மற்றப் பிள்ளைகளோடு படிக்க வைக்க வேண்டும் என்று வீட்டில் அத்தனை பேரையும் பகைத்துக்கொண்டு சேர்த்தவள் நான். இப்போது யார் முகத்தில் விழிப்பது?

பொய் சொல்ல எனக்கு வராது, அதனால் இதையும் எழுதிவிடுகிறேன். அந்த நாற்காலி வேலை நடந்த நாட்களில் அவள் நான் எழுப்பாமலே எழுந்தாள். சாப்பிடும்போதுகூட கை வைக்கும் இடம் எவ்வளவு அகலம் வேண்டும் என்று என்னிடம் வாதாடினாள். இப்போது பேசுவதே இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள்.

மாடி வீட்டுப் பெண், இவளோடு படிப்பவள், அதுதான் வாலு, தினமும் கீழே வருகிறாள். இவள் பின்னாலேயே சுற்றுவதால் நான் வைத்த பேர் அது. இவளுக்காக வீட்டுப்பாடத்தைப் பார்த்து எழுதிக் கொடுக்கிறாள். ஆனால் அவளும் முன்னைப் போல இல்லை. பிஸ்கட் கொடுத்தால் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறாள். ஒன்றுக்குப் பாதியாக இளைத்துவிட்டாள். வாலுவின் அம்மா பேய் பயம் என்று சொல்கிறாள்.

அவளுடைய அம்மா


செப்டம்பர் 4

வணக்கம்.

ஹெச்.எம்.மிடம் நாற்காலி கேட்டேன். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். திரும்பப் போய்க் கேட்டேன், அதே பதில். மூன்றாவது முறை போகவில்லை. அதற்குள் பிள்ளைகள் நூலும் அட்டையுமாக உட்கார்ந்துவிட்டார்கள், எனக்கும் அந்த உற்சாகம் தொற்றிக்கொண்டது. சண்டை போடுவதைவிட அது எளிதாக இருந்தது. நீங்கள் சொன்னது சரி.

நான் இங்கே ஒரு பெயின்ட் கடையில் நிற்கிறேன். தம்பி மனைவிக்குத் தெரிந்தவர் கடை. வீட்டுக்குப் பூச வருகிறவர்களுக்கு வண்ண அட்டையை விரித்துக் காட்ட வேண்டும். நூற்றுக்கணக்கில் நிறம் இருக்கிறது. எல்லோரும் கடைசியில் வெள்ளையிலோ வெள்ளைக்குப் பக்கத்திலோதான் கை வைக்கிறார்கள். "அழுக்குத் தெரியக் கூடாது, கண்ணையும் உறுத்தக் கூடாது" என்கிறார்கள். நான் தலையாட்டுகிறேன்.

மாடி வீட்டுக் குழந்தையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. உங்கள் மகள் விழுந்த நாளைப் பற்றி அவளிடம் எதுவும் கேட்காதீர்கள். யார் கேட்டாலும் தடுத்துவிடுங்கள். பக்கத்தில் உட்கார வைத்து ஏதாவது ஊட்டிவிடுங்கள். கண் முன்னால் நடந்ததைப் பார்த்த பிள்ளை, அதனால் சொல்கிறேன்.

உங்கள் மகளுக்கு என் பெயரைச் சொல்ல வேண்டாம். இல்லை, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு எது சரி என்று சொல்லத் தெரியவில்லை.

டீச்சர்


செப்டம்பர் 12

டீச்சருக்கு,

நேற்று அவள் வாயைத் திறந்தாள். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டுக்காரி பார்க்க வந்திருந்தாள். வந்தவள் சும்மா இருக்காமல், "அந்த டீச்சர் கவனமா இருந்திருந்தா உனக்கு இந்தக் கதி வந்திருக்குமா" என்றாள். இவள் சுவரிலிருந்து திரும்பி, "டீச்சர் ஒண்ணும் பண்ணல. டீச்சர் அன்னிக்கு ஸ்கூல்லயே இல்ல" என்றாள்.

வந்தவளை அனுப்பிவிட்டு இவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

"யாரு இல்ல?"

"டீச்சர். வியாழக்கிழமை மத்தியானமே பல்லு புடுங்கப் போயிட்டாங்க. மறுநாள் வரும்போது கன்னம் இவ்ளோ வீங்கியிருந்துச்சு. பேசவே முடியல. எங்களை நீங்களே படம் போடுங்கன்னு கையைக் காட்டினாங்க."

"அப்ப சாயங்காலம் சேரை யாரு கீழ வெச்சா?"

அவள் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டாள்.

டீச்சர், நீங்கள் ஏன் எனக்குப் பொய் எழுதினீர்கள்? மத்தியானமே பல் டாக்டரிடம் போனவர், பிள்ளைகள் போன பிறகு வந்து காகிதம் ஒட்டினீர்களா? நீங்கள் லீவில் போனது ஹெச்.எம்.முக்கும் தெரிந்திருக்கும். சொல்லிவிட்டுத்தானே போயிருப்பீர்கள். கழுவுகிறவர்களை விட்டு நகர்த்தச் சொன்னது அவராகவே இருக்கலாம். யாரோ செய்ததை உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். நீங்களும் பயந்து கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

நான் உங்களைப் பேசாத பேச்சு இல்லை. அதற்கு வருத்தப்படுகிறேன். உங்கள் பாடத்தைப் பற்றி எழுதியதை மட்டும் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டேன்.

திங்கட்கிழமை கம்பெனிக்கு அரை நாள் சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் போகப் போகிறேன். ஹெச்.எம். முகத்துக்கு நேரே கேட்கப் போகிறேன். செய்யாத தப்புக்கு நீங்கள் ஏன் பெயின்ட் கடையில் நிற்க வேண்டும்? உங்கள் வேலை உங்களுக்குத் திரும்பக் கிடைக்கட்டும். கட்டு பிரித்து அவள் வகுப்புக்குப் போகும் நாளில், தெரிந்த முகம் ஒன்றாவது அங்கே இருக்கட்டும்.

கட்டெறும்பு என்றே எழுதுங்கள். பரவாயில்லை.

கட்டெறும்பின் அம்மா


செப்டம்பர் 17

அம்மா,

உங்கள் கடிதம் இன்று சாயங்காலம்தான் கைக்கு வந்தது. நீங்கள் எழுதிய திங்கட்கிழமை போய்விட்டது. கம்பெனியில் விடாமல் இருந்திருப்பார்கள், நீங்கள் போயிருக்க மாட்டீர்கள் என்ற நப்பாசையில் எழுதுகிறேன். தம்பி மனைவியின் போனிலிருந்து கூப்பிட்டேன், தெரியாத நம்பர் என்று நீங்கள் எடுக்கவில்லை. கம்பெனிக்குப் போட்டேன், வேலை நேரத்தில் ஆளைக் கூப்பிட மாட்டோம் என்று வைத்துவிட்டார்கள்.

இதுவரை போகவில்லை என்றால் போகாதீர்கள். போயிருந்தால், இன்னொரு முறை போகாதீர்கள்.

என்னை யாரும் மிரட்டவில்லை. நாற்காலியை யாரும் வேண்டுமென்று தரையில் வைக்கவில்லை. மேசைமேல் வைக்க வேண்டியவள் மறந்துவிட்டாள், அவ்வளவுதான். வகுப்பில் முறை போட்டு அந்த வேலையைக் கொடுத்திருந்தேன். வாலு யாருக்கும் விட்டுக் கொடுக்க மாட்டாள். "என் பிரெண்டு சேரு, நான்தான் வெப்பேன்" என்று தினமும் அவளே தூக்கி வைப்பாள். அன்றைக்கு ஒருநாள் மறந்துவிட்டாள்.

கட்டெறும்பை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போன பிறகு, வாலு என் புடவையைப் பிடித்து இழுத்தாள். "டீச்சர், நான் நேத்து தூக்கி வெக்கல" என்றாள். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "நீ வெச்சே. நான் பாத்தேன். நான்தான் அப்புறம் வந்து கீழ இறக்கினேன்" என்று சொல்லிவிட்டேன். அவளுக்குச் சொன்னதையே ஹெச்.எம்.முக்கும் சொன்னேன். அவருக்கும் அது வசதியாக இருந்தது, லீவைப் பற்றி அவர் கேட்கவில்லை. உங்களுக்கும் அதையே எழுதினேன்.

நான் இன்னொரு வேலை தேடிக்கொள்வேன். எட்டு வயசில் ஒரு குழந்தை தன் சிநேகிதியின் காலை உடைத்தவள் என்ற பெயரை எங்கே கொண்டுபோய் வைக்கும்? உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும், என்மேல் வரட்டும். அவள் உங்கள் வீட்டுக்கு வரும்போது எப்போதும்போல உள்ளே கூப்பிடுங்கள். இதை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

டீச்சர்


அக்டோபர் 2

டீச்சருக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

திங்கட்கிழமை போனேன். ஹெச்.எம். முதலில் என்னை உட்காரச் சொன்னார். டீச்சர் லீவில் இருந்தது உங்களுக்குத் தெரியுமா தெரியாதா என்று நான் கேட்டதும் முகம் மாறிவிட்டது. "அப்ப யாரு வெச்சாங்கன்னு பிள்ளைங்களையே கேட்டுடுவோம், நீங்களும் இருங்க" என்றார். மூன்றாம் வகுப்பு முழுவதையும் வராந்தாவில் வரிசையாக நிற்க வைத்தார். நானும் பக்கத்தில் நின்றேன். உண்மை வெளியே வரப் போகிறது என்று மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

வாலு வரிசையிலிருந்து தானாக முன்னால் வந்தாள். ஹெச்.எம்.மைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "ஆன்ட்டி, நான்தான். தூக்கி வெக்க மறந்துட்டேன்" என்றாள். அழக்கூட இல்லை. பின்னால் ஒரு பையன், "இவதான் காலை ஒடச்சவ" என்று பக்கத்திலிருந்தவனிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

நான் அவளைத் தூக்கியிருக்க வேண்டும், டீச்சர். தூக்கவில்லை. இத்தனை நாள் என் வீட்டில் உட்கார்ந்து என் பிள்ளைக்கு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தவள் இவளா என்று எனக்குப் பொசுக்கென்று ஒரு வெறுப்பு வந்தது. அது ஒரு நிமிஷம்தான். அந்த ஒரு நிமிஷத்தில் அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

அவள் அப்பாவைக் கூப்பிட்டு விட்டார்கள். சாயங்காலம் மாடியில் அடி விழும் சத்தம் எங்கள் கூரை வழியாகக் கேட்டது. கட்டெறும்பு கட்டிலில் கிடந்தபடி மேலே பார்த்துக் கத்தினாள். "நான்தான் நாய்க்குட்டி பாக்கப் போலாம் வான்னு நச்சரிச்சேன். அவ சேரை வெக்கணும்னு சொன்னா, நான்தான் அப்புறம் வெச்சுக்கலாம்னு சொன்னேன். அங்கிள், நான்தான்." தொண்டை கிழியக் கத்தினாள். மேலே யாருக்கும் கேட்கவில்லை. நான் ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். அவளுடைய அம்மா பாதிக் கதவைத் திறந்து, "உங்களுக்கு இன்னும் என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டுச் சாத்திக்கொண்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டைக் காலி செய்துவிட்டார்கள். எந்த ஊர் என்று யாரிடமும் சொல்லவில்லை. வண்டியில் சாமான் ஏற்றும்போது நான் வாசலில் நின்றேன். வாலு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் குனிந்துகொண்டாள்.

கட்டெறும்பு இவ்வளவு நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது எதற்கு என்று இப்போது தெரிகிறது. அவளும் வாலுவும் நீங்களும் மூன்று பேரும் ஒரே விஷயத்தை ஆளுக்கொரு பக்கம் மூடி வைத்திருந்தீர்கள். நான்தான் நல்லது செய்யப் போகிறேன் என்று போய்த் திறந்து கொட்டிவிட்டேன்.

கட்டெறும்பின் அம்மா


அக்டோபர் 15

அம்மா,

உங்கள்மேல் எந்தத் தப்பும் இல்லை. பொய் எழுதியவள் நான். முதல் கடிதத்திலேயே உண்மையைச் சொல்லியிருந்தால் நீங்கள் அன்று திட்டியிருப்பீர்கள், ஆனால் அந்தப் பள்ளிக்கூட வாசலை மிதித்திருக்க மாட்டீர்கள். உங்களை நம்பியிருக்கலாம். நம்பவில்லை.

இப்போது யோசிக்கும்போது இன்னொன்றும் தெரிகிறது. "நீ வெச்சே, நான் பாத்தேன்" என்று வாலுவிடம் சொன்னேனே, அவள் அதை நம்பவில்லை. தான் செய்யாததை ஒரு குழந்தையை மறக்கவைக்க முடியாது. என்னிடம் சொல்ல வந்தாள், நான் கேட்க மறுத்துவிட்டேன். அதன் பிறகு அவள் யாரிடம் போய்ச் சொல்லுவாள்? நீ மறந்துட்டே, மறக்கறது எல்லாருக்கும் வரும், அழு என்று சொல்லி மடியில் போட்டுக்கொண்டிருந்தால் போதும். அது அப்போது எனக்குத் தோன்றவில்லை. காப்பாற்ற வேண்டும் என்றுதான் தோன்றியது.

பொய் வாக்குமூலம் கொடுத்ததற்காக என்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். எந்தப் பள்ளியிலும் சேர முடியாது. எதிர்த்து எழுதலாம் என்று தம்பி சொல்கிறான். எழுதப் போவதில்லை. கோபம்கூட வரவில்லை.

நேற்றுக் கடைக்கு ஒருவர் தன் பெண்ணோடு வந்தார். அந்தப் பெண் தன் அறைக்குக் கறுப்பு வேண்டும் என்றாள். "கறுப்பையா சுவத்துல அடிப்பாங்க, லூசு" என்று அவர் சிரித்தார். முன்பு என்றால் ஏன் கறுப்பு, எந்தச் சுவருக்கு என்று அவளிடம் கேட்டிருப்பேன். நேற்று அவர் கேட்ட வெள்ளையைக் கலந்து கொடுத்து அனுப்பிவிட்டேன்.

வாலு எங்கே இருக்கிறாள் என்று தெரிந்தால் ஒரு வரி எழுதுங்கள். தெரியாவிட்டாலும் எழுதுங்கள்.

டீச்சர்


ஜனவரி 21

டீச்சருக்கு,

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னியுங்கள். எழுத என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

வாலுவைப் பற்றி எதுவும் தெரியவில்லை. அவள் அப்பா வேலை செய்த இடத்தில் போய்க் கேட்டேன், கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டார் என்றார்கள். மாடிக்குப் புதுசாக ஒரு வயசான தம்பதி வந்திருக்கிறார்கள். சத்தமே இல்லை.

கட்டு பிரித்தாயிற்று. எலும்பு கூடிவிட்டது, ஆனால் வாக்கர் பிடித்து நிற்க முடியவில்லை. கால் மடங்கிவிடுகிறது. டாக்டர் இப்போது பாப்போம் என்றுகூடச் சொல்வதில்லை. அவங்கப்பா வீட்டிலேயே இருக்கட்டும் என்றார். இந்த முறை நான் சண்டை போடவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்திலிருந்தே ஆள் வந்து கூப்பிட்டார்கள். விஷயம் மேலே வரைக்கும் போனதால் பயந்துபோய் நாற்காலி வாங்கிவிட்டார்கள். சக்கரம், பெல்ட், தலை சாய்க்க மெத்தை எல்லாம் இருக்கிறது. கொடுக்கும் அன்று போட்டோ எடுத்தார்கள். என்னையும் பக்கத்தில் நிற்கச் சொன்னார்கள், நின்றேன்.

நல்ல நாற்காலி. குறை சொல்ல எதுவும் இல்லை. பெரிசாக இருப்பதால் வரிசைக்கு நடுவில் போகவில்லை, கதவோரம் போட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் யாரும் அதைத் தொடக் கூடாது, தள்ளக் கூடாது என்று உத்தரவு. ஆயா மட்டும்தான் தள்ளலாம். அதனால் இடைவேளையில் யாரும் அவள் பக்கம் வருவதில்லை. அவளும் யாரையும் கூப்பிடுவதில்லை. வாய் ஓயாமல் பேசி ஊரையே கடித்து வைத்தவள், இப்போது கேட்டதற்குத் தலையாட்டுகிறாள். டீச்சர்கள் எல்லோரும் நல்ல பிள்ளை என்று சொல்கிறார்கள்.

உங்கள் அறையில் இப்போது பழைய பெஞ்சு அடுக்கியிருக்கிறது. ஓவிய வகுப்பை விளையாட்டு சார் பார்த்துக்கொள்கிறார். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் அச்சடித்த படம் ஆளுக்கொன்று கொடுப்பார். எந்த இடத்தில் எந்த நிறம் என்று போர்டில் எழுதிப் போட்டுவிடுவார்.

போன வெள்ளிக்கிழமை ஒரு மீன் கொண்டுவந்தாள். கோட்டுக்கு வெளியே ஒரு புள்ளி வரவில்லை. ஓரத்தில் சிவப்பு மையில் 'மிக நன்று' என்று எழுதியிருந்தது. அவள் கை இவ்வளவு அடங்கி நான் பார்த்ததே இல்லை.

"உனக்கு இது புடிச்சிருக்கா?" என்று கேட்டேன்.

மீனின் ஓரக் கோட்டை விரலால் தடவினாள். "இதுல தப்பே வராதும்மா" என்றாள்.

கட்டிலுக்கு நேரே சுவரில் ஒட்டச் சொன்னாள். ஒட்டிவிட்டேன்.

கட்டெறும்பின் அம்மா